பச்சை ரத்தத்தின் உடற்கூறு

1964இல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடருக்காக ஜீன் ராடன்பெரி எழுதிய முதல் குறிப்பில் ஸ்பாக் பாதி செவ்வாய்வாசி. மேனி சற்றே சிவந்த நிறம். அன்றைய அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிதான் இருந்தது. அந்தத் திரையில் சிவப்புப் பூச்சு கறுப்பாகத் தெரியும் என்பதால் மஞ்சளும் பச்சையும் கலந்த பூச்சுக்கு மாறினார்கள். 1966 செப்டம்பரில் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது ஸ்பாக்கின் பூர்வீகமும் மாறியிருந்தது. இப்போது அவர் தந்தை வழியில் வல்கன் என்ற தொலைதூரக் கோளைச் சேர்ந்தவர். தாய் பூமிப் பெண். உடம்பில் ஓடுவது பச்சை ரத்தம்.

ஒப்பனை அறையில் எடுத்த முடிவு ஒன்று இப்படி ஓர் உயிரினத்தின் உடலியலாக வளர்ந்தது.

மற்ற விவரங்களும் ஏறக்குறைய இதே பாணியில்தான் வந்து சேர்ந்தன. ஆரம்ப எபிசோட் ஒன்றில் கப்பல் மருத்துவர் மெக்காய் ஸ்பாக்கின் நாடித்துடிப்பை 242 என்று பதிவு செய்கிறார்; ரத்த அழுத்தம் இல்லை என்றே சொல்லிவிடலாம் என்கிறார். 1967 ஏப்ரலில் கண்கூசும் ஒளியால் ஸ்பாக்குக்குப் பார்வை போகிறது. கதை முடிவதற்குள் திரும்பிவிடுகிறது. வல்கன்களுக்கு உள்ளிமை ஒன்று உண்டு, அது தானாக மூடிக் காப்பாற்றியது என்று காரணம் சொல்லப்படுகிறது. அதே ஆண்டு நவம்பரில் அவருடைய தந்தைக்கு இதய அறுவை சிகிச்சை. அபூர்வமான ‘டி நெகட்டிவ்’ ரத்தம் தேவைப்படுகிறது. 1968இல் ஸ்பாக் சுடப்படுகிறார். மனிதருக்குக் கல்லீரல் இருக்கும் இடத்தில் அவருக்கு இதயம் இருந்ததால் பிழைத்துக்கொள்கிறார்.

ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு. எழுதியது அந்த வாரக் கதையின் தேவைக்காக. இவை எல்லாம் ஒரே உடம்புக்குள் ஒத்துப்போகுமா என்று பார்க்க அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் உயிரியலாளர் எவரும் இருக்கவில்லை. அந்த வேலையை ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1967 செப்டம்பரில் டெவ்ரா லாங்சம், ஷெர்னா காமர்ஃபோர்ட் என்ற இரண்டு பெண்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற சிற்றிதழை வெளியிட்டார்கள். ஸ்டார் ட்ரெக்குக்கு என்றே வந்த முதல் ரசிகர் இதழ் அது. ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் உருட்டி எடுத்த பக்கங்கள். ஸ்பாக்காக நடித்த லியனார்ட் நிமாய் அதற்கு ஒரு கடிதமும் எழுதியிருந்தார். கதைகள், கவிதைகளுக்கு நடுவே, வல்கன் இதயம் எப்படி அமைந்திருக்கலாம் என்று ஒரு கட்டுரை. எழுதியவர் கையில் இருந்த ஆதாரமெல்லாம் திரையில் சில நொடி வந்துபோன வசனங்கள் மட்டுமே. வீட்டில் வீடியோ கேசட் இல்லாத காலம். ஒரு காட்சியை மறுபடி பார்க்க வேண்டுமானால் மறு ஒளிபரப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தத் துண்டு துக்கடாக்களை வைத்துக்கொண்டு ரத்தம் எங்கிருந்து எங்கே போகும், இந்த வேகத்தில் ஏன் துடிக்கும் என்று யோசித்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் இதுபோன்ற இதழ்கள் பெருகின. அவற்றை நடத்தியவர்களிலும் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள்.

இது பொழுதுபோக்கு மட்டும்தானா? உயிரியல் வரலாற்றில் இந்த யோசனை முறைக்கு மதிப்பான ஓரிடம் உண்டு. பாரிஸ் நகரின் மோன்மார்த்ரே குன்றில் வெட்டியெடுத்த ஜிப்சம் பாறையில் ஒரு சிறு விலங்கின் எலும்புக்கூடு பாதி வெளியே தெரிந்தது. பல்லையும் தாடையையும் பார்த்த ஜார்ஜ் குவியே, இது கங்காரு, ஒப்போசம் போன்ற பை விலங்குகளின் கூட்டம் என்றார். அப்படியானால் பையைத் தாங்கும் இரண்டு சிறு எலும்புகள் இடுப்பெலும்பின் முன்னால் இருந்தாக வேண்டும்; அந்தப் பகுதி இன்னும் கல்லுக்குள் புதைந்திருந்தது. சாட்சிகளை வைத்துக்கொண்டு ஊசியால் கல்லைச் சுரண்டினார். எலும்புகள் இருந்தன. உடம்பில் ஓர் உறுப்பு இப்படி இருந்தால் இன்னோர் உறுப்பு அப்படித்தான் இருக்க முடியும் என்ற அவருடைய கொள்கைக்கு 1804இல் கிடைத்த நிரூபணம் அது. வல்கன் ரசிகர்களுக்குச் சுரண்டிப் பார்க்கக் கல் இல்லை. கொள்கை மட்டும் அதேதான்.

பச்சை ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். மனித ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு அடங்கிய ஹீமோகுளோபின். வல்கன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு என்று 1967 டிசம்பரில் தொடரே சொல்லிவிட்டது. செம்புப் பாத்திரத்தைத் துலக்காமல் விட்டால் பச்சையாகக் களிம்பு பிடிக்கிறதே, அந்த நிறம்தான் இந்த யூகத்துக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். செம்பு ரத்தம் கற்பனையும் அல்ல. நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ், குதிரைலாட நண்டு எல்லாவற்றிலும் ஓடுவது அதுதான். அந்தப் புரதத்தின் பெயர் ஹீமோசயனின். நண்டைச் சுத்தம் செய்யும்போது சிவப்பாக எதுவும் வழிவதில்லை. தண்ணீர் போல, சில சமயம் லேசான நீலம் ஓடிய நீர்மமாக இருக்கும். ஆக்சிஜன் ஏறிய ஹீமோசயனின் நீலம். ஆக்சிஜனை இறக்கிவிட்டால் நிறமற்றது.

அதாவது செம்பு ரத்தம் பச்சை அல்ல, நீலம். ரசிகர்கள் இந்த இடத்தில் முட்டிக்கொண்டார்கள், முட்டிக்கொண்டதால் படித்தார்கள். பூமியில் பச்சை ரத்தம் உண்டா என்று தேடினால் விடை உண்டு என்பதுதான், ஆனால் காரணம் செம்பு அல்ல. சில கடற்புழுக்களின் ரத்தத்தில் குளோரோகுருயோரின் என்ற நிறமி இருக்கிறது. நீர்த்த நிலையில் அது பச்சை. அதில் இருப்பதும் இரும்புதான். நியூகினித் தீவில் பிராசினோஹீமா என்ற பேரினத்து அரணைகளுக்கு ரத்தம், தசை, எலும்பு, நாக்கு எல்லாமே பச்சை. பழைய ஹீமோகுளோபின் சிதையும்போது உண்டாகும் பிலிவெர்டின் என்ற நிறமி, மனித உடல் தாங்கவே முடியாத அளவுக்கு அவற்றின் ரத்தத்தில் தேங்கியிருக்கிறது. நியூகினி அரணைகளில் பச்சை ரத்தம் ஒரு முறை அல்ல, தனித்தனியாக நான்கு முறை தோன்றியிருப்பதாக 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. இத்தனை நச்சை உடம்பில் வைத்துக்கொண்டு அவை எப்படிப் பிழைக்கின்றன, அதனால் என்ன லாபம் என்பது இன்னும் தீராத கேள்வி.

மனிதருக்கும் ஒரு முறை இது நேர்ந்திருக்கிறது. 2005இல் கனடாவின் வான்கூவர் நகரில் 42 வயதுக்காரர் ஒருவருக்கு அவசர அறுவை சிகிச்சை. தமனியில் குழாய் செருகிய மருத்துவர்கள் கரும்பச்சை ரத்தம் வருவதைப் பார்த்துத் திகைத்தார்கள். ஹீமோகுளோபினில் கந்தக அணு ஒன்று ஒட்டிக்கொண்டு சல்ஃப்ஹீமோகுளோபின் ஆகிவிட்டது. ஒற்றைத் தலைவலிக்காக அவர் அதிகமாகச் சாப்பிட்டுவந்த சுமாட்ரிப்டான் மாத்திரை காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். மாத்திரையை நிறுத்தியதும் சில வாரங்களில் ரத்தம் பழையபடி சிவந்தது. 2007இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இந்தச் செய்தி வெளியானபோது உலகமெங்கும் நாளிதழ்கள் ஸ்பாக்கின் பெயரைத்தான் தலைப்பில் போட்டன.

நிறத்தை விட்டுவிட்டுச் செம்பை மட்டும் வைத்துக்கொண்டால் 242 துடிப்பு அர்த்தம் பெறத் தொடங்குகிறது. ஒரு கோழியின் இதயம் கிட்டத்தட்ட அந்த வேகத்தில் துடிக்கும். மனித அளவு உடம்புக்கு அது அசாத்திய வேகம். ஹீமோசயனின் ரத்தம், அளவுக்கு அளவு பார்த்தால், நம் ரத்தத்தைவிட மிகக் குறைவான ஆக்சிஜனையே சுமக்கிறது. நமக்கு ஹீமோகுளோபின் அணுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஆக்டோபஸ்ஸில் ஹீமோசயனின் நேராக நீர்மத்தில் கரைந்திருக்கிறது. அளவைக் கூட்டினால் ரத்தம் கெட்டியாகிவிடும். இந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஆக்டோபஸ் மூன்று இதயங்களோடு வாழ்கிறது. வல்கனில் காற்றும் அடர்த்தி குறைவு என்று தொடர் சொல்கிறது. அடர்த்தி குறைந்த காற்று, சுமைதிறன் குறைந்த ரத்தம்: இதயம் ஓடித்தான் ஆக வேண்டும்.

ஆனால் ரத்த அழுத்தம் ஏன் இல்லை? கெட்டியான ரத்தத்தைத் தள்ளுவதற்கு அழுத்தம் கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. இதயம் வலப்புறம் விலாவின் கீழ் விளிம்பில் இருந்தால் மூளை இன்னும் தூரம். வல்கனின் ஈர்ப்பும் பூமியைவிட அதிகம். ஒட்டகச்சிவிங்கி தன் நீண்ட கழுத்துக்கு மேலே ரத்தம் ஏற்ற மனிதரைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் வைத்துக்கொண்டிருக்கிறது. மெக்காயின் இரண்டு அளவுகளும் ஒரே உடம்பில் பொருந்த வேண்டுமானால், வழி நெடுகக் குழாய்களே சுருங்கி விரிந்து ரத்தத்தைத் தள்ள வேண்டும். மண்புழுவில் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. அப்படிப் பார்த்தால் வல்கன் இதயம் ஒற்றைப் பம்பு அல்ல, ஒரு பெரிய வலைப்பின்னலின் தலைமை நிலையம். ஒரே வசனத்திலிருந்து இவ்வளவு தூரம் வர முடிகிறது என்பதில்தான் இந்த ஆட்டத்தின் ருசி இருக்கிறது.

உள்ளிமை விஷயத்தில் ரசிகர்கள் பக்கம் பூமியின் சாட்சி வலுவாக இருக்கிறது. ஒட்டகம், முதலை, பறவைகள் எல்லாவற்றுக்கும் மூன்றாவது இமை உண்டு. கண்ணாடி முன் நின்று மூக்கை ஒட்டிய கண் ஓரத்தைப் பார்த்தால், இளஞ்சிவப்புச் சதைத் துணுக்கை அடுத்து மெல்லிய பிறை வடிவ மடிப்பு ஒன்று தெரியும். மனிதரின் மூதாதைகளுக்கு இருந்த அந்த இமையின் மிச்சம் அது. அடர்த்தி குறைந்த காற்றில் ஒலியைப் பிடிக்கவே வல்கன்களுக்குக் கூர்க்காது என்று சொல்லப்பட்ட விளக்கம் அவ்வளவு வலுவானது அல்ல. காற்று அடர்த்தி குறைந்தால் ஒலி சீக்கிரம் தேயும் என்பது சரிதான்; பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021இல் செவ்வாயில் பதிவு செய்த ஒலிகள் அதை நேரடியாகவே காட்டின. ஆனால் ஒலியைத் திரட்டப் பெரிய காது வேண்டும். ஸ்பாக்கின் காது கூர்மையானதே தவிர நம் காதைவிடப் பெரியது அல்ல.

எல்லாவற்றையும்விட ரசிகர்களை ஆட்கொண்டது 1967 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பான எபிசோட். எழுதியவர் அறிவியல் புனைகதையில் பேர்பெற்ற தியடோர் ஸ்டர்ஜன். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைத்து வாழும் வல்கன் ஆண்களுக்குக் குறித்த காலத்தில் ‘போன் ஃபார்’ என்ற இனப்பெருக்க வேட்கை வருகிறது. அறிவு பேதலிக்கும், கை நடுங்கும், சாப்பாடு இறங்காது. பிறந்த மண்ணுக்குத் திரும்பித் துணையோடு சேராவிட்டால் சில நாளில் மரணம்.

இதை வெறும் நாடகம் என்று ஒதுக்க முடியாது. பசிபிக் சால்மன் மீன் பிறந்த ஆற்றுக்கே நீந்தி வந்து முட்டையிட்டுச் சாகிறது. ஆஸ்திரேலியாவில் ஆன்டிகைனஸ் என்ற எலி அளவிலான பை விலங்கின் ஆண்கள் இரண்டு மூன்று வாரம் ஓயாமல் இணைசேர்ந்துவிட்டு மொத்தமாக மடிகின்றன. இரண்டிலும் உடலை அழிப்பது கட்டுமீறிச் சுரக்கும் கார்ட்டிசால்; மெக்காயும் ஸ்பாக்கின் உடலில் அட்ரினலின் போன்ற சுரப்புகள் எகிறுவதைத்தான் கண்டுபிடிக்கிறார். தமிழ் வாசகருக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. மதம் பிடித்த ஆண் யானையின் கன்னத்தில் நீர் வழியும், டெஸ்டோஸ்டிரான் பல பத்து மடங்கு ஏறியிருக்கும், நேற்றுவரை கேட்ட பாகனின் சொல் காதில் ஏறாது. மதம் தணிந்ததும் அதே யானை பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடும். ஸ்டர்ஜன் யானையை நினைத்து எழுதினாரோ இல்லையோ, நிதானமான பெரிய மூளை கொண்ட உயிருக்குள் இப்படி ஒரு பருவம் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு யானையே போதும்.

தொடர் பிறகு சொன்னபடி இந்த வேட்கை ஏழு ஆண்டுக்கு ஒரு முறைதான் என்றால் இனம் அழிந்துபோகாதா என்பது நெடுநாள் நடந்த வாதம். ஒரு தரப்பு, வல்கன்கள் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், ஏழாம் ஆண்டில் மட்டும்தான் கட்டாயம் என்றது. ஆனால் கணக்குப் போட்டால் கட்டுப்பாடு அப்படியொன்றும் கடுமை இல்லை. ஸ்பாக்கின் தந்தை 102 வயதிலும் திடகாத்திரமாக நடமாடுகிறார். 30 வயதிலிருந்து 150 வரை என்று வைத்தால் ஒரு வல்கன் ஆணுக்குப் பதினேழு பருவங்கள் வரும். யானைக்கு 22 மாதச் சினை, நாலைந்து ஆண்டுக்கு ஒரு குட்டி. அதுவே பல லட்சம் ஆண்டு தாக்குப்பிடித்திருக்கிறது.

ரசிகர்களால் எந்த வழியிலும் நேராக்க முடியாத ஒன்று ஸ்பாக்கின் பிறப்புதான். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. இவ்வளவு நெருங்கிய உறவுக்குள்ளேயே பிறக்கும் கோவேறு கழுதை 63 குரோமோசோமோடு மலடாகிவிடுகிறது. தனித்தனிக் கோள்களில் தோன்றிய இரண்டு உயிர்கள் கலப்பதைவிட மனிதனும் பெட்டூனியாச் செடியும் கலப்பது எளிது என்று கார்ல் சேகன் சொன்னதாகப் பல இடங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. செடிக்கும் நமக்கும் பொது மூதாதை உண்டே. 1993இல் வந்த ஒரு எபிசோட், பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு தொல்குடி பல கோள்களில் தன் மரபணு விதையைத் தூவியது என்று கதை சொல்லிச் சமாளித்தது. உயிரியலாக அது நிற்காது. ஒரே விதை தூவினாலும், நூறு கோடி ஆண்டு தனித்தனியே நடந்த பரிணாமம் இரண்டு கிளைகளையும் மறுபடி ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தாது.

பண்பாட்டுக்கு வரும்போது ரசிகர்களின் தர்க்கம் சற்றுத் தளர்கிறது. பாலைவனக் கோள், கொடுமையான வாழ்க்கை, அதனால் ஓயாத ரத்தக்களறி, அதிலிருந்து மீளத் தர்க்க நெறி என்று ஒரே கோடாக இழுத்தார்கள். பூமியின் பாலைகள் அப்படி ஒரே மாதிரி மனிதரை உண்டாக்கவில்லை. கலஹாரியின் சான் மக்கள் வேட்டையைப் பங்கிட்டு வாழ்ந்தார்கள். சஹாராவின் துவாரெக் மக்கள் வணிகக் கூட்டங்களையும் போர்ப்படைகளையும் நடத்தினார்கள். தார் பாலைவனத்தின் பிஷ்னோய் மக்கள் வெளிமானையும் வன்னி மரத்தையும் உயிர் கொடுத்துக் காத்தார்கள். கோள் முழுவதற்கும் ஒரே மதம், ஒரே ஆடை, ஒரே குணம் என்பது புனைகதையின் பழைய சோம்பல். ரசிகர்களும் அதிலிருந்து முழுதாகத் தப்பவில்லை.

ஆனால் கோட்பாட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு சடங்கையோ ஒரு கலையையோ கையில் எடுத்தபோது அவர்கள் அற்புதமாகச் செய்தார்கள். நிமாயே அதற்கு வழி காட்டியிருந்தார். விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும் வல்கன் வணக்கம் அவர் சிறுவயதில் பாஸ்டன் நகர யூத வழிபாட்டிடத்தில், பார்க்கக் கூடாது என்று சொல்லப்பட்டும் எட்டிப் பார்த்த, ஆசி வழங்கும் கை முத்திரை. முதல் ‘ஸ்பாக்கனேலியா’வில் டோரதி ஜோன்ஸ் என்ற ரசிகை ‘நி வார்’ என்ற வல்கன் கலை வடிவத்தைக் கற்பனை செய்தார். ஒரு பொருளின் இரண்டு முகங்களை எதிரெதிரே நிறுத்தி ஒப்பிடும் கவிதை அது. இரண்டு உலகங்களுக்குப் பிறந்த ஸ்பாக்கைப் பேச அதைவிடப் பொருத்தமான வடிவம் இருந்திருக்க முடியாது. மற்ற ரசிகர்கள் அந்தச் சொல்லை எடுத்தாண்டார்கள். 1976இல் ஒரு ரசிகர் கதைத் தொகுப்பில் அதே தலைப்பில் கதை வந்தது. பிறகு தொலைக்காட்சித் தொடரில் ஒரு வல்கன் கப்பலுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். 2020இல் வந்த கதையில், பிரிந்திருந்த வல்கன்களும் அவர்களின் உறவினமான ரோமுலன்களும் மறுபடி சேர்ந்தபோது, வல்கன் கோளுக்கே ‘நி’வார்’ என்று பெயர் மாறியது. சைக்ளோஸ்டைல் தாளில் ஒரு ரசிகை எழுதிய சொல், 53 ஆண்டு கழித்து அந்தக் கற்பனை உலகின் வரைபடத்தில் ஏறிவிட்டது.

அந்தக் கோள் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கும் ரசிகர்கள் விடை வைத்திருந்தார்கள். 16 ஒளியாண்டுக்குச் சற்று அதிகத் தொலைவில் உள்ள 40 எரிடானி என்ற மூவிண்மீன் குடும்பத்தை 1968இலேயே ஒரு நூல் சுட்டியது. 1991 ஜூலையில் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ இதழில் ஹார்வர்டு–ஸ்மித்சோனியன் மையத்தின் மூன்று வானியலாளர்களும் ராடன்பெரியும் கூட்டாகக் கடிதம் எழுதி அதை ஆதரித்தார்கள். போட்டியில் இருந்த எப்சிலான் எரிடானிக்கு வயது சுமார் நூறு கோடி ஆண்டுதான். அறிவுள்ள உயிர் தோன்ற அது போதாது. 40 எரிடானி சூரியனைப் போல 400 கோடி ஆண்டு பழையது என்பது அவர்களுடைய வாதம்.

2018இல் அந்த விண்மீனை 42 நாளுக்கு ஒரு முறை சுற்றும் கோள் ஒன்று இருப்பதாக அறிவிப்பு வந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். 2024இல் இன்னும் துல்லியமான நிறமாலைமானியால் சோதித்தபோது அந்தச் சமிக்ஞை கோளால் வந்தது அல்ல, விண்மீன் பரப்பின் கொந்தளிப்பால் வந்தது என்று தெரிந்தது. இதனால் வல்கனுக்கு நேரடியாக நட்டம் ஒன்றும் இல்லை. 42 நாள் சுற்றுப்பாதை விண்மீனுக்கு மிக அருகில் இருந்தது; அங்கே தண்ணீர் தங்கியிருக்காது. 40 எரிடானியின் முதன்மை விண்மீன் சூரியனில் பாதிக்கும் குறைவான ஒளி கொண்ட ஆரஞ்சு நிறக் குறுமீன். பூமிக்குக் கிடைக்கும் அதே அளவு வெளிச்சம் வேண்டுமானால் ஒரு கோள் பூமி–சூரியன் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் சுற்ற வேண்டும். விண்மீனின் நிறையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் ஆண்டு சுமார் 230 நாள். பூமியைவிட வெப்பமான கோள் என்றால் இன்னும் குறையும். தொடர் சொல்லும் ஏழு ஆண்டு வல்கன் ஆண்டு என்று எடுத்துக்கொண்டால், போன் ஃபார் நம் கணக்கில் நாலரை ஆண்டுக்கு ஒரு முறை, அதற்கும் முன்பே வரலாம். அப்போது பருவங்களின் எண்ணிக்கை பதினேழிலிருந்து இருபத்தாறு, இருபத்தேழாக உயர்கிறது. இனம் தழைக்குமா என்ற பழைய வாதத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.